பீடி சளியை அறுக்காது

பஞ்சாலைத் தொழிலாளிக்கு பீடி மருந்து என்ற பேச்சு ராஜபாளையம் வட்டாரத்தில் சாகவே மாட்டேன் என்கிறது. சோழபுரம், தளவாய்புரம், சேத்தூர் என எந்தப் பக்கம் போனாலும் ஸ்பின்னிங் மில்லுக்கு ஷிப்டு போகிறவர்கள் சொல்வது ஒன்றுதான். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள்: “நாள் பூரா பஞ்சுத் தூசியை முழுங்குறோம். ஒரு பீடி இழுத்தாத்தான் நெஞ்சுல கட்டின சளி அறுத்துக்கிட்டு வரும்.” கூடவே ஒரு துணைவாதம்: சிகரெட்தான் கெமிக்கல், பீடி வெறும் இலை. நாலு எழுத்து படித்தவர்களும் இதற்குத் தலையாட்டுகிறார்கள் என்பதுதான் எரிச்சல். பஞ்சுத் தூசியில் நிற்பவர் பீடி பிடிப்பது, மற்றவர் பிடிப்பதைவிட மோசமான காரியம். இந்த ஊரில் இதை மாற்றிச் சொல்லித் திரிவது வெறும் அறியாமை என்று விட்டுவிட முடியாது. அது ஆளைக் கொல்கிற பேச்சு.

மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. அவை இடைவிடாமல் அசைந்து, தூசி ஒட்டிய சளியை மேலே மேலே தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவருகின்றன. பஞ்சுத் தூசியை வெளியேற்ற உடம்பு வைத்திருக்கும் முக்கியமான ஏற்பாடு அதுதான். புகை முதலில் கைவைப்பதும் அதில்தான். நுண்மயிர்கள் மரத்துப்போகின்றன, வருடக்கணக்கில் புகைத்தால் அழிந்தே போகின்றன. இன்னொரு பக்கம் சளிச் சுரப்பிகள் வீங்கி, முன்பைவிட அதிகமாகச் சுரக்கின்றன. அப்படியானால் காலையில் முதல் பீடி இழுத்ததும் சளி வருகிறதே, அது எப்படி? இரவு முழுக்கப் புகை இல்லாததால் நுண்மயிர்கள் கொஞ்சம் உயிர் பெற்றிருக்கும்; அந்த நேரத்தில் உள்ளே போகிற புகை எரிச்சல் கொடுத்து இருமவைக்கிறது. வெளியே வருவதில் பெரும்பங்கு நேற்றுப் பிடித்த பீடி சுரக்கவைத்த சளி. வீட்டுக்குத் தீ வைத்தவனே ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்து நல்ல பேர் வாங்குகிற கதை இது. பீடியை விட்டவர்களுக்குச் சில வாரங்கள் இருமல் கூடுவதும் உண்டு. “விட்டுப் பாத்தேன், நெஞ்சு கட்டிருச்சு, திரும்பப் பிடிச்சதும் சரியாயிருச்சு” என்று சாட்சி சொல்கிறவர்கள் அந்தச் சில வாரங்களில் தோற்றவர்கள். நுண்மயிர்கள் மறுபடி வேலையைத் தொடங்கியதன் அடையாளம் அந்த இருமல்.

இனி பஞ்சு. மில்லில் தூசி அதிகம் பறப்பது பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமிலும், அதைச் சீவும் கார்டிங்கிலும். பஞ்சோடு வரும் இலைத்தூள், அதில் ஒட்டிய பாக்டீரியாக்களின் நச்சு எல்லாம் சேர்ந்து மூச்சுக்குழாயைச் சுருக்குவதால் வருவது பிஸினோசிஸ் என்கிற பஞ்சு நோய். அதன் அடையாளம் விசித்திரமானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். அடுத்தடுத்த நாட்களில் தணியும். பல ஆண்டுகள் கழித்துத் தணியாமலே நின்றுவிடும். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இது அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. பல நாடுகளின் பஞ்சாலைகளில் நடந்த ஆய்வுகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: ஒரே தூசியில் நின்றாலும் புகைப்பவருக்கு இந்த நோய் கூடுதலாகவும் கடுமையாகவும் வருகிறது. முதல் நாள் இறுக்கத்துக்கு மருந்து என்று நம்பிப் பற்றவைக்கும் பீடி, அந்த இறுக்கத்தை நிரந்தரமாக்குகிற வேலையைத்தான் செய்கிறது.

‘வெறும் இலை’ வாதத்துக்கு வருவோம். பெட்டிக்கடைத் தூணில் கனன்றுகொண்டிருக்கும் கயிற்றில் பீடியைப் பற்றவைத்து, இழுக்காமல் திண்டில் வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். சிகரெட் தன்பாட்டில் எரியும். மத்தியப்பிரதேசக் காட்டிலிருந்தும் சத்தீஸ்கர் காட்டிலிருந்தும் வரும் அந்தப் பீடி இலை காகிதத்தைப் போலக் காற்றை உள்ளே விடாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக, நெஞ்சு உள்வாங்க இழுத்தாக வேண்டும். அதனால்தான் சிகரெட்டில் இருப்பதைவிடக் குறைவான புகையிலை வைத்த பீடி, தாரையும் கார்பன் மோனாக்சைடையும் கொஞ்சமும் குறைக்காமல் உள்ளே இறக்குகிறது. 2008-ல் வெளியான பிரபாத் ஜாவும் மற்றவர்களும் செய்த ஆய்வு, 11 லட்சம் இந்திய வீடுகளில் நடந்த இறப்புகளைக் கணக்கெடுத்தது. பீடி பிடிக்கும் ஆண் சராசரியாக 6 ஆண்டும், பெண் 8 ஆண்டும் ஆயுளை இழப்பதாக அது சொன்னது. சிகரெட் பிடிக்கும் ஆணுக்கு இழப்பு 10 ஆண்டு. “பாத்தீங்களா, பீடி கம்மிதானே!” என்று யாராவது துள்ளலாம். வீட்டைத் தாங்குகிற ஆள் ஆறு வருடம் முன்னால் போவதை லாபக் கணக்கில் எழுதுகிற மனசு எனக்குப் புரியவில்லை. ஒரு நாளைக்கு 7 பீடிக்கு மேல் போகாதவர்களுக்கும் இறப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான். நம் மாநிலக் கணக்கு வேண்டுமென்றால், சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் கஜலட்சுமி குழு நடத்தி 2003-ல் வெளியான ஆய்வு இருக்கிறது. புகைக்கும் ஆண்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

மற்றவை சில்லறை. தாத்தா தொண்ணூறு வயது வரை பிடித்தார் என்றால், அவரோடு திண்ணையில் உட்கார்ந்து பிடித்தவர்கள் எத்தனை வயதில் போனார்கள் என்று பாட்டியைக் கேளுங்கள். காலைக்கடனுக்குப் பீடி வேண்டும் என்பது பழக்கத்தின் வேலை. இத்தனை வருடம் பிடித்துவிட்டு இப்போது விட்டு என்ன பயன் என்பதும் பொய். நாற்பது வயதுக்குள் விட்டவர்கள் ஆயுள் இழப்பில் பெரும்பகுதியை மீட்கிறார்கள்.

கட்டுப்பாடு வேண்டுமா என்றால், வேண்டும். தனிமனித உரிமை என்று எதிர்வாதம் வரும். மில் கேட்டில் தீப்பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதானே உள்ளே விடுகிறார்கள்? அதை யாரும் உரிமை மீறல் என்பதில்லை; பஞ்சு எரிந்துவிடும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. பஞ்சுக்குக் கிடைக்கிற பாதுகாப்பு அதைச் சுத்தம் செய்கிறவரின் நுரையீரலுக்கும் கிடைக்கட்டும். பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் அபராதம், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கத் தடை என்று 2003-ன் மத்தியச் சட்டம் இருக்கிறது. ஆனால் கட்டைப் பிரித்து ஒன்று இரண்டாக விற்கும்போது, கட்டின் மேல் அச்சடித்த புற்றுநோய்ப் படத்தை வாங்குகிறவர் பார்ப்பதே இல்லை. மகாராஷ்டிரம் 2020-ல் இப்படிச் சில்லறையாக விற்பதைத் தடை செய்தது, நாமும் செய்யலாம்.

பீடி சுற்றும் பெண்கள் என்ன ஆவார்கள் என்பது நியாயமான கேள்வி. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு புகையிலைத் தூளைச் சுவாசிக்கும் அந்தப் பெண்களின் பெயரைச் சொல்லித்தான் பீடிக்கு எப்போதும் வரிச்சலுகை கேட்கிறார்கள். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்றும், பீடிக்கு 28-லிருந்து 18 என்றும் முடிவெடுத்தது. ஆனால் அதே பெண்களின் மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போன பீடித் தொழிலாளர் நலத் தீர்வை 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதே ஒழிந்தது. பீடி மலிவாக இருப்பதால் லாபம் சுற்றுகிறவருக்கு இல்லை. வரியைக் கூட்டி, அந்தப் பணத்தை மாற்றுத் தொழிலுக்கென்று தனியாக ஒதுக்குவதுதான் அவர்களுக்குச் செய்யும் நன்மை.

கடைசியாக ஒன்று, இது மில் நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும். ஆண்டு மருத்துவ முகாம் என்று சர்க்கரையும் பிரஷரும் பார்த்து, ஒரு டானிக் பாட்டிலைக் கொடுத்து அனுப்புவது போதாது. குழாயில் ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சில நிமிட வேலை. வார விடுமுறை முடிந்த முதல் நாள், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதவைத்தால் பஞ்சு நோய் ஆரம்பத்திலேயே மாட்டிக்கொள்ளும்; பீடி செய்த சேதமும் எண்ணாகக் கண்முன் நிற்கும். அடுத்த முகாமில் அதைக் கேளுங்கள். பீடியை விட உதவி வேண்டுமென்றால் கட்டணமில்லா அரசு எண் 1800-11-2356.