முழு எடையும் ஒரே காலில்

ஐஸ் கச்சாங்கைத் தவிர வேறு பனியைப் பார்க்காதவன் நான். ஒரு பருவம் மட்டும் சுவீடனில் படிக்க வாய்ப்புக் கிடைத்தது. மார்ச் முதல் ஞாயிறன்று வகுப்புத் தோழர்கள் என்னை மூரா நகருக்கு இழுத்துட்டுப் போனாங்க. அன்று வாசாலோப்பெட். 1922-இல் தொடங்கிய நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டி. மொத்தம் 90 கிலோமீட்டர்.

முன்னணி வீரர்கள் சுமார் நான்கு மணி நேரத்தில் முடிச்சிட்டாங்க. ஆனால், என்னை உலுக்கியது இருட்டிய பிறகு வந்த ஒரு பாட்டி. எழுபது வயதிருக்கும். காலை 8 மணிக்குப் புறப்பட்டவர்! 1924-இல் பெண்களுக்குத் தடை போட்ட இந்தப் போட்டி, 1981-இல்தான் மீண்டும் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அவர் இளம்பெண்ணாக இருந்தபோது கலந்துகொள்ளவே முடியாது.

நானோ, தோற்ற ஒரு பாடத்தை மறுபடி எழுதப் பயந்து தள்ளிப் போட்டுக்கிட்டிருந்தவன்.

அடுத்த வாரமே ஸ்கீ வாடகைக்கு எடுத்தேன். ஒவ்வோர் அடிக்கும் கால் பின்னால் வழுக்குச்சு. பத்து நிமிடத்தில் ஏழு முறை விழுந்தேன். சொல்லிக் கொடுத்த பெரியவர் சிரித்தார்: “நீ பயந்து ரெண்டு காலிலும் பாதிப் பாதி நிக்கிற.”

அதில்தான் பாடம் இருக்கு. ஸ்கீயின் நடுப்பகுதி வில் போல மேலே வளைந்திருக்கும். அங்கே பிடிப்புக்காக ஒரு மெழுகு பூசுவாங்க. முழு எடையையும் ஒரே காலில் வைத்து அழுத்தினால் வளைவு தட்டையாகி, மெழுகு பனியைத் தொடும். நிலை உராய்வு பிடித்துக்கொள்ளும். அதை உதைத்து முன்னே போகலாம். எடை குறைந்ததும் நடுப்பகுதி உயர்ந்து, ஸ்கீ வழுக்கிச் செல்லும். பாதி எடையோடு உதைத்தால் மெழுகு பனியைத் தொடாது, பிடிப்பும் கிடைக்காது.

விழாமல் இருக்க நான் செய்ததே என்னை விழ வைத்தது!

முதல் நாள் 400 மீட்டர். பனி உருகுவதற்குள் 5 கிலோமீட்டர். 90 இன்னும் ரொம்பத் தூரம்தான்.

வீடு திரும்பியதும் மறுதேர்வுக்குப் பெயர் கொடுத்தேன். எழுதியாச்சு. முடிவு இன்னும் வரல.

சிந்திக்க: நீங்கள் பாதி எடையோடு நிற்கும் இடம் எது?