மூச்சிரைக்கிறது என்று நடையை நிறுத்தலாமா?

‘இதயச் செயலிழப்பு’ என்னும் சொல்லே பல குடும்பங்களை அச்சுறுத்திவிடுகிறது. இதயம் நின்றுவிட்டது என்பது அதன் பொருளன்று. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை உந்தித் தள்ள இதயம் இடர்ப்படுகிறது என்பதே பொருள். ஆயினும் அச்சொல்லைக் கேட்ட நாள் முதல் வீட்டில் என்ன நிகழ்கிறது? “நீங்கள் உட்காருங்கள் அப்பா, நான் எடுத்துத் தருகிறேன்” என்று தண்ணீர்ச் செம்பைக்கூட எடுக்கவிடாமல் மகள் ஓடி வருகிறாள். அன்புதான், ஆனால் அந்த அன்பினால் நோயாளியின் கால்கள் நாளுக்கு நாள் மெலிகின்றன.

குடும்பத்தாரைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே இந்நோய்க்கு நீண்ட படுக்கை ஓய்வைப் பரிந்துரைத்தார்கள். நோய் கடுமையாக இருக்கும் நாட்களில் ஓய்வு இன்றும் தேவையே. நிலைமை சீரடைந்த பின்னும் அதைத் தொடர்வதுதான் தவறு.

நான்கு படி ஏறியதும் மூச்சு வாங்குவதற்கு இதயம் மட்டுமே காரணமன்று. பயன்படாத தசை சுருங்குகிறது. இரத்தத்திலிருந்து உயிர்வளியை எடுத்துப் பயன்படுத்தும் அதன் திறனும் குறைகிறது. இரைக்கிறதென்று அமர்கிறோம், அமர்ந்திருப்பதால் தசை மேலும் தளர்கிறது, அடுத்த மாதம் இரண்டாம் படியிலேயே இரைக்கிறது. தளர்ந்த தசையை மாத்திரையால் மட்டும் மீட்க முடியாது. அதற்கு நடை வேண்டும்.

2009-ஆம் ஆண்டில் வெளியான ‘ஹெச்எஃப்-ஆக்‌ஷன்’ ஆய்வில், இதயத்தின் உந்துதிறன் 35 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோ இருந்த 2,331 பேர் பங்கேற்றனர். மருந்துடன் உடற்பயிற்சியும் மேற்கொண்டவர்களுக்கு அது பாதுகாப்பாகவே அமைந்தது. அன்றாட வாழ்வும் ஓரளவு எளிதாயிற்று. ஆயுளை வெகுவாக நீட்டியது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. நாமும் அவ்வாறு வாக்களிக்கலாகாது.

மருத்துவர் இசைவு தந்தபின், சமதளத்தில் காலையும் மாலையும் ஐந்து ஐந்து நிமிடங்கள் நடந்து தொடங்கலாம். சில நாட்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடங்களைக் கூட்டி, வாரங்கள் செல்லச் செல்ல நாளொன்றுக்கு அரைமணி நேரத்தை எட்டினால் நன்று. வேகத்தை அளக்க நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். இந்நோயாளிகளில் பெரும்பாலோர் உட்கொள்ளும் பீட்டா பிளாக்கர் மாத்திரை, துடிப்பை உயரவிடாமல் வைத்திருக்கும். பேச்சே சிறந்த அளவுகோல். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. சொற்கள் துண்டுதுண்டாக வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆகவே, உடன் நடந்து பேச்சுக் கொடுப்பவரே நோயாளிக்குப் பெருந்துணை. மகள் செம்பை எடுத்துத் தருவதைவிட இது பயனுள்ள பணி!

உணவு உண்டவுடன் நடக்க வேண்டாம். கோடை வெயிலில் அறவே வேண்டாம். திடீரென நிற்காமல், இறுதியில் சற்று மெதுவாக நடந்து முடிக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு நிறைகுடத்தைத் தூக்குவது நடையைப் போன்றதன்று; அதைத் தவிர்க்க வேண்டும். நடந்தபின் தாகம் எடுக்கும். மருத்துவர் நீருக்கு அளவு விதித்திருந்தால், மோரும் காப்பியும் இரசமும் அக்கணக்கிலேயே சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நடக்கக் கூடாத நாட்களும் உண்டு. காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், தினமும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ கூடினாலோ, கணுக்கால் வீங்கினாலோ, இரவில் வழக்கத்தைவிட ஒரு தலையணை அதிகம் தேவைப்பட்டாலோ, அன்று நடையை விடுத்து மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். காய்ச்சல் இருக்கும்போதும் ஓய்வே தேவை. நடக்கையில் நெஞ்சுவலி, மயக்கம், அமர்ந்த பின்னும் தணியாத மூச்சிரைப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

உடல்நலக் குறைவால் சில வாரங்கள் நடை தடைப்பட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம். மருத்துவரிடம் மீண்டும் கேட்டு, முதல் நாள் போல ஐந்து நிமிடங்களிலிருந்தே தொடங்குங்கள்.