பிரீமியம் பெட்ரோல் தேவையா?

எங்கள் மாப்பிள்ளை தம் சிறிய காருக்கு டானிக் கொடுப்பதுபோல் பிரீமியம் பெட்ரோல் போட்டு வருகிறார். நான் டீசல் ஷெட்டில் வேலை பார்த்தவன். டீசல் இன்ஜினில் எரிபொருள் அழுத்தத்தின் சூட்டிலேயே தீப்பிடிக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் அப்படி நடக்கக் கூடாது. பிளக்கின் பொறி மூட்டிய தீ வந்து சேருமுன் கலவை தானாக வெடித்தால் இன்ஜின் 'டக் டக்' என்று தட்டும். அப்படி வெடிக்காமல் தாங்கும் திறனுக்குத்தான் ஆக்டேன் எண் என்று பெயர், சக்திக்கு அல்ல. 2020-இல் வந்த பி.எஸ்.6 தரத்தில் சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 என்று வைத்தார்கள். அதற்கென வடிவமைத்த வண்டியில் 100 ஊற்றினாலும் சொல்லும்படியான மைலேஜ் கூடாது. டர்போ வண்டிகள் சிலவற்றின் கதை வேறு. கையேட்டில் 95 என்றிருந்தால் 95 போடத்தான் வேண்டும். மாப்பிள்ளை கையேட்டின் உறையையே இன்னும் பிரிக்கவில்லை!