பாதரட்சைப் பணம்: முத்துக்குளித்துறை தரும் பாடம்



இளைஞர் பணிக்கு உதவி தேடும்போது, "யாரிடம் பணம் இருக்கிறது?" என்றே நாம் முதலில் யோசிக்கிறோம். தூத்துக்குடிக் கடற்கரையில் நடந்த ஒரு பழைய நிகழ்ச்சி வேறொரு கேள்வியை நம் முன் வைக்கிறது. இம்மாதம் அதைச் சற்று ஆராய்வோம்.

1542ஆம் ஆண்டு பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கரையோர ஊர்கள் பல, அவரோ ஒருவர். ஆகவே ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை நியமித்து, பிள்ளைகளுக்குப் போதிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே!

அந்நாளில் இக்கரை மக்கள் ஆண்டுதோறும் 4,000 பொன் பணம் போர்த்துக்கீசியருக்குச் செலுத்திவந்தனர். அரசி கத்தரீனாளின் பாதரட்சைச் செலவுக்கு என்று அதற்குப் பெயர். அந்தத் தொகையைக் கணக்கப்பிள்ளைகளுக்குத் தரும்படி சவேரியார் கேட்டார். இக்கரைப் பிள்ளைகளைவிடப் பரலோகம் போக நல்ல பாதரட்சை அரசிக்குக் கிடைக்காது என்பது அவருடைய வாதம். தொகை அப்பணிக்கே ஒதுக்கப்பட்டது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

1. ஏற்கெனவே ஓடும் வாய்க்காலைப் பாருங்கள்.

சவேரியார் புதிய வரி எதுவும் கேட்கவில்லை. அந்தக் கடலில் மூச்சடக்கிக் குளித்தவர்களின் உழைப்பு, அவர்களுடைய பிள்ளைகளுக்கே திரும்பி வந்தது. இன்றும் அப்படி ஒரு வாய்க்கால் உண்டு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் தொழிற்பயிற்சியும் அதில் அடங்கும். வ.உ.சி. துறைமுகத்தைச் சுற்றித் தொழில் நடத்துவோரிடம் நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இக்கரையால் பயன் பெறுகிறவர்கள் இக்கரை இளைஞருக்குப் பங்காளராவது நியாயமே.

2. தேவையைக் கண்முன் நிறுத்துங்கள்.

"இளைஞர் முன்னேற்றம்" என்று பொதுவாகக் கேட்டால் மனம் அசையாது. சவேரியார் ஊர், ஆசிரியர், பிள்ளைகள் என்று காட்டினார். நாமும் எத்தனை பிள்ளைகள், எந்த ஊர், மாதச் செலவு என்ன என்று எழுதிக் கொடுப்போம். ஆண்டு முடிவில் கணக்கும் காட்டுவோம்.

3. ஒரே கையை நம்பியிராதீர்கள்.

முத்துப் பார்கள் எல்லா ஆண்டும் விளைந்ததில்லை. 1961க்குப் பின் இங்கே பெரிய முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. நிறுவனத்தின் லாபமும் அப்படித்தான், ஏறும், இறங்கும். சவேரியாருக்குப் பின் வந்த அன்றீக் அடிகளார் புன்னைக்காயலில் நடத்திய மருத்துவமனையைக் கரை மக்களின் காணிக்கையே தாங்கியது. துறைமுகத்துக்குப் பெயர் தந்த வ.உ.சி.யும் 1906இல் தம் சுதேசிக் கப்பல் கம்பெனியின் 10 லட்சம் ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தே திரட்டப் புறப்பட்டார். கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் பெரிய கைகளை நாடலாம். ஆசிரியரின் மாதச் சம்பளமோ, உலை வைக்குமுன் நம் தாய்மார் எடுத்து வைக்கும் பிடி அரிசியைப் போல, பல சிறு கைகளிலிருந்து வருவதே நிலைக்கும். பாதியில் நின்றுபோகும் மாலை வகுப்பு, பிள்ளையைப் படிப்பிலிருந்தே திருப்பிவிடும் என்பதை மறவாதிருப்போம்.

ஐயாயிரம் பேருக்கான உணவு ஒரு பையனின் ஐந்து அப்பத்திலும் இரண்டு மீனிலும் தொடங்கியதை நாம் அறிவோம். உதவி பெறும் இளைஞரும் கொடுக்க வல்லவர்களே. படித்து முடித்தவர் வாரம் ஒரு மாலை தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

சிந்திக்க:

- நம் ஊரில் ஏற்கெனவே ஓடும் வாய்க்கால் எது?
- நாம் கேட்பதை ஒரு பிள்ளையின் தேவையாக எடுத்துச் சொல்ல முடிகிறதா?
- மிகப் பெரிய நன்கொடை நாளை நின்றால், எந்த வேலை தொடரும்?