முதுமையும் இரத்த ஓட்டமும்

திருவானைக்காவலில் ஜம்புகேசுவரர் சந்நிதியின் வாயில் தாழ்வானது; குனிந்தே உட்புக வேண்டும். தரிசனம் முடித்து வெளிவந்து நிமிரும் முதியோர் சிலர், கண் இருண்டு, அருகிலுள்ள தூணைப் பற்றி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். களை பறித்து நிமிரும் முதிய உழவருக்கும் இந்நிலை நேர்வதுண்டு. இதன் காரணத்தை அறிதல் நலம்.

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும், அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. பள்ளத்து வயலின் மடையைச் சற்று அடைத்தாலன்றி மேட்டு வயலுக்கு நீர் ஏறாது என்பது காவிரிப் பாசன உழவர் அறிந்ததே. உடலும் அவ்வாறே செய்கிறது. கழுத்திலும் மார்பிலும் உள்ள பெருங்குழாய்ச் சுவர்களின் நரம்பு முனைகள் அழுத்தக் குறைவை மூளைக்குத் தெரிவிக்கின்றன. உடனே கை கால்களின் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இருதயம் விரைந்து துடிக்கிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசையும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது.

வயது ஏற ஏறப் பெருங்குழாய்கள் விறைப்பதால் அந்நரம்பு முனைகளின் உணர்ச்சி மழுங்குகிறது. இருதயமும் முன்போல் விரைவதில்லை. மடை அடைபடத் தாமதமாகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. வெயில், உடலில் நீர்க்குறைவு, நீரிழிவு, சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியன இதனை மிகுவிக்கும். நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைந்தால், மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

சென்ற கோடையில் நம் வட்டாரத்துக் கிராம சபையொன்றில், ஒரு மணி நேரம் தரையில் அமர்ந்திருந்த முதிய உழவர், வாய்க்கால் குறையைச் சொல்ல எழுந்தவுடன் சாய்ந்தார். நாம் அவரைத் தூக்கி நாற்காலியில் இருத்தினோம், மீண்டும் துவண்டார். கிராமச் செவிலியர் வந்து, அவரைத் தரையில் கிடத்திக் கால்களை உயர்த்திய பின்னரே கண் விழித்தார். நாம் செய்தது பிழையென அன்று உணர்ந்தோம். அப்பெரியவரோ படுத்தவாறே தம் குறையைச் சொல்லி முடித்தார்.

முதியோர் எழுமுன் கணுக்காலைப் பலமுறை அசைத்து, சிறிது நேரம் அமர்ந்திருந்து, பின்னரே நிற்றல் வேண்டும். போதிய நீர் பருகுதல் நலம். மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பணியாளர் வீட்டுக்கு வரும்போது, தலைசுற்றலை மறைக்காது கூறி, நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லலாம்.

ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சபையில் நிழலும் குடிநீரும் விசுப்பலகையும் அமைப்பார்களாக. முதியோர் அமர்ந்தவாறே பேசுவது சபைக்கு மரியாதைக் குறைவாகாது. ஒரு வீழ்ச்சியில் இடுப்பெலும்பு முறிந்தால், அக்குடும்பம் படும் துன்பத்தை நாம் அறிவோம் அன்றோ?