முதிய மாதரின் உடல் வலிமையும் தோழமைக் குழுவும்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்கள் ஏறக்குறைய 5.3 கோடிப் பேர். அவ்வயதினரான ஆண்கள் 5.1 கோடிப் பேர். இம்மாதருள் கணவனை இழந்தோர் மிகப் பலர். தரையிலிருந்து துணையின்றி எழுதல், தண்ணீர்க் குடத்தைத் தூக்குதல், இரவில் கழிப்பிடம் சென்று மீளல் ஆகிய சிறு செயல்களைத் தாமே செய்ய இயலும் வரையில்தான் அவர்கள் பிறர் கையை எதிர்பாராமல் வாழ முடியும். இவ்வலிமையை முதுமையிலும் காக்கலாம். இழந்ததில் ஒரு பகுதியை மீட்கவும் கூடும். தனித்திருந்து முயல்வதைவிடப் பலர் கூடி முயல்வது இதற்கு ஏற்றது. அதன் காரணத்தையும், அத்தகைய குழுவைக் கள ஊழியர் அமைக்கும் முறையையும் இப்பாடம் விளக்கும்.

உடலில் நேரும் மாறுதல்கள்

முப்பது வயதுக்குப் பின் தசையின் அளவு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது. அறுபதுக்குப் பின் இக்குறைவு விரைவடைகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால், முதற் சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. தசை மெலியும்போது கால் தடுமாறுகிறது; எலும்பு மெலிந்திருந்தால் சிறு வீழ்ச்சியிலும் இடுப்புப் பகுதியில் முறிவு நேர்கிறது. அவ்வாறு முறிவுற்ற முதியோருள் பலர் பின்னர் முன்போல் நடமாடுவதில்லை.

ஓயாது வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்குத் தனிப் பயிற்சி எதற்கு என்று கிராமங்களில் கேட்பதுண்டு. வீட்டுவேலை பயனுடையதே. எனினும் தசை வலுப்பெற வேண்டுமாயின், பழகிய சுமையைவிடச் சற்று மிகுந்த சுமையை அது படிப்படியாக ஏற்க வேண்டும். நாள்தோறும் ஒரே அளவாகச் செய்யப்படும் வேலை அவ்வாறு உயர்வதில்லை. உடலின் சமநிலைக்கும் அதில் போதிய பழக்கம் கிட்டுவதில்லை. ஆகவே, 65 வயது கடந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும், மூன்று நாள் சமநிலையை வளர்க்கும் பயிற்சியும் செய்தல் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது.

குழுவின் பயன்

முதிய பெண் பயிற்சியைத் தொடங்காமைக்கும், தொடங்கியபின் கைவிடுவதற்கும் மூன்று காரணங்களைக் கூறலாம்: ஊரார் நகைப்பர் என்னும் நாணம், விழுந்துவிடுவோம் என்னும் அச்சம், வராவிட்டால் தேடுவார் இல்லாமை. இம்மூன்றையும் அறிவுரையால் நீக்குதல் அரிது. ஒத்த வயதுடைய தோழியரோ தம் வருகையாலேயே இவற்றைக் குறைக்கின்றனர்.

மகாராஷ்டிரத்தில் தாணே மாவட்டத்துப் பாங்கணே கிராமத்தில் 2016 மார்ச் 8-ஆம் நாள் பாட்டிமார்க்கென ஒரு பள்ளி திறக்கப்பெற்றது. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ முப்பது பெண்கள் இளஞ்சிவப்புச் சேலையே சீருடையாக அணிந்து எழுத்துப் பயிலச் சென்றனர். அங்குப் பயின்றது எழுத்தேயாயினும், அதிற் பெறும் படிப்பினை உடற்பயிற்சிக்கும் பொருந்தும். தனியொருவர் செய்யக் கூசும் காரியம், பலர் சேர்ந்து செய்யும்போது ஊர் வழக்கமாகிவிடுகிறது.

கூடி நடப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. நடக்கையில் பேச முடிந்து, பாட முடியாத நிலையே மிதமான உழைப்பின் அளவாகும். தோழியருடன் பேசிக்கொண்டு நடப்பவருக்கு வேறு கருவி வேண்டியதில்லை. ஒருவர் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினால், மற்றவர் அதைக் கண்டு வேகத்தைத் தணிக்கலாம்.

அமைக்கும் முறை

1. ஒரே தெருவைச் சேர்ந்த 8 முதல் 12 பேரைச் சேர்க்க வேண்டும். நேரத்தை அவர்களே குறிக்கட்டும்.

2. தொடங்குமுன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தல் வேண்டும். இதய நோய் உடையோர் மருத்துவரின் இசைவு பெற்றே சேர வேண்டும்.

3. உறுப்பினரை இருவர் இருவராக இணைக்க வேண்டும். ஒருவர் வராத நாளில் மற்றவர் அவர் வீடு சென்று விசாரித்து வருதல் கடமை. குழு நிலைத்து நிற்பதற்கு இவ்விதியே முதல் ஆதாரம்.

4. தலைமைப் பொறுப்பு மாதந்தோறும் மாறி வர வேண்டும். ஊழியர் முதலில் உடனிருந்து கற்பித்து, பிறகு படிப்படியாக விலகிக்கொள்ளலாம்.

பயிற்சிகள்

பத்து நிமிட நடைக்குப் பின், நாற்காலியில் அமர்ந்து எழுதல். சுவரைப் பற்றிக் குதிகாலை உயர்த்துதல். இணைத் தோழியின் கையைப் பற்றி ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்றல். அரை லிட்டர் நீர் நிரப்பிய புட்டியைக் கையிலேந்தி உயர்த்துதல் ஆகியவற்றை முறையே செய்யலாம். ஒவ்வொன்றையும் எட்டு முறையில் தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்ல மிகுத்தல் நலம். மூச்சை அடக்குதல் கூடாது. மூட்டுவலி மறுநாளும் நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். மார்பு வலி, தலைச்சுற்றல், பேச இயலாத மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாட வேண்டும்.

முன்னேற்றத்தை அளத்தல்

சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு சார்த்தி, கைகளை மார்பின் குறுக்கே வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுதும் எழுந்து அமர முடிகிறது என எண்ணுக. 65 முதல் 69 வயதுடைய பெண்ணுக்கு 11-க்குக் குறைவான எண்ணிக்கை கால் வலிமைக் குறைவைக் காட்டும்; 70 முதல் 79 வயதினர்க்கு இவ்வெல்லை 10. இவை அமெரிக்க முதியோரை அளந்து வகுத்த எண்கள். ஆதலின் ஒருவரை அவரது சென்ற மாத எண்ணிக்கையுடன் ஒப்பிடுவதே ஏற்றது. ஒருவரை மற்றொருவருடன் ஒப்பிட்டு நாணச் செய்தல் தகாது.

உணவு

பயிற்சியால் தசை வளரப் புரதம் தேவை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவின்படி, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுடையவர்க்கு இது சுமார் 42 கிராம். யாவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பெண்ணின் தட்டில் பருப்பும் பாலும் முட்டையும் அரிதாகவே சேரும். இதனைத் தனியே வீட்டில் எடுத்துரைக்கத் தயங்குபவர் குழுவில் பேசத் தயங்கார். ஊழியர் மருமகளையும் மகனையும் ஒரு நாள் குழுவிற்கு அழைத்து இக்கணக்கை விளக்குதல் பயன் தரும்.

ஆசிரியர் பள்ளித் தாழ்வாரத்தைக் காலையில் திறந்துவிடுதலும், மாதாந்திர எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதித் தருதலும் பேருதவியாகும்.

ஆய்வுக்குரிய வினாக்கள்

1. வீட்டுவேலை மட்டும் தசையை வலுப்படுத்தப் போதாமைக்குக் காரணம் யாது?

2. நும் ஊரில் துணையின்றித் தரையிலிருந்து எழ இயலாத முதிய பெண்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு அடுத்த வீட்டில் இணையாகக் கூடியவர் யார்?