கல்லாறு முதல் முதலப்பொழி வரை: நீரின் மின்கடத்துதிறனை அளக்க முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் பொன்முடி அடிவாரத்தில், விதுராவை ஒட்டி ஓடும் கல்லாறு வாமனபுரம் ஆற்றில் சேர்ந்து, முதலப்பொழியில் கடலைத் தொடுகிறது. நீரில் கரைந்த உப்பின் வேலையைக் கற்க இந்த ஓர் ஆறு போதும்.

கடத்துவது எது?

மிகத் தூய நீர் மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை எனலாம்: 25 டிகிரியில், சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ்தான். உப்பு கரைந்தால் சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரியும். மின்னழுத்தம் கொடுத்ததும் அவை எதிரெதிர்த் திசையில் நகரும். அந்த நகர்வே மின்னோட்டம். சர்க்கரை கரையும், ஆனால் அயனியாகாது. அதைப் போட்டால் மீட்டரில் எண் ஏறாது.

மீட்டர்

டிடிஎஸ் (மொத்தக் கரைந்த திடப்பொருள்) மீட்டர் உப்பை எடைபோடுவதில்லை. மின்கடத்துதிறனை அளந்து, 0.5 முதல் 0.7 வரையுள்ள ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே மைக்ரோசீமென்ஸையும் காட்டும் மீட்டரே நல்லது. 1413 மைக்ரோசீமென்ஸ் கொண்ட பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அதைச் சரிபாருங்கள். வீட்டு மின்சாரத்தில் ஒயர் இழுத்து நீரின் கடத்துதிறனைச் சோதிக்கவே கூடாது.

வீட்டில் பயிற்சி

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு கிராம் உப்பு போட்டால் ஏறக்குறைய 2,000 மைக்ரோசீமென்ஸ் காட்டும். இரண்டு கிராமுக்கு இரட்டிப்பைவிடச் சற்றுக் குறையும். இந்தக் குறைவுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நேர்க்கணக்கில் 70,000 வர வேண்டும், வருவதோ 53,000 அளவில். அயனிகள் நெருங்க நெருங்க ஒன்றையொன்று இழுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

ஆற்றங்கரையில்

மலையில் மழை அதிகம்; அடியில் உள்ள கடினப் பாறை மெல்லத்தான் கரையும். அதனால் கல்லாற்றில் சிறிய எண்ணே வரும். மீட்டரால் நீரை லேசாகக் கலக்கி, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். கல்லாற்றுக் கயங்கள் உயிர்ப்பலி வாங்கியவை. கரையிலிருந்தே நீர் மொள்ளுங்கள். வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் மாறும். முதலப்பொழியில் கடல்நீர் கலப்பதால், ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் தனித்தனியே அளக்க வேண்டும்.

எண் காட்டாதவை

குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் கரைந்த திடப்பொருள் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதற்கு வெகு கீழே இருந்தாலும் ஆற்றுநீரை அப்படியே குடிக்காதீர்கள். கிருமியும் பூச்சிமருந்தும் இந்த மீட்டரில் தெரியாது. கிருமிக்குக் கொதிக்க வைக்கலாம். பூச்சிமருந்து கலந்ததா என்பதை ஆய்வகத்தில்தான் கண்டறிய முடியும்.